பாட்டின் வகை அறிந்து படத்தை வெட்டுவோம்



இந்த மடலில் வழக்கமாகக் குடிநீர், பிள்ளைகளின் போசாக்கு, சேமிப்பு, வீட்டுத்தோட்டம் போன்ற விடயங்களைப் பற்றியே எழுதி வருகின்றோம். இம்முறை பாட்டுப் படத்தைப் பற்றி எழுதப் போகின்றோம். "இது என்னா, வெல்பெயார் ஐயாவுக்கு வேற வேலை இல்லியா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதிலும் ஞாயம் உண்டு. ஆனால் இன்று லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கின்றது. படிக்கின்ற பிள்ளைகள் பாட்டு எழுதுகிறார்கள், பாடுகிறார்கள், அதைப் படமாகப் பிடிக்கிறார்கள். நமது லயமும் மலையும் தாத்தா பாட்டிமாரும் அந்தப் படங்களில் வருகிறார்கள். அப்படி வரும்போது நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது நலன்புரி சம்பந்தப்பட்ட விடயந்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நடந்த சங்கதி

நமது தோட்டத்துப் பிள்ளை ஒருவர் ஒலுவிலில் படிக்கிறார். அங்கேதான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாகியது. பதுளை, பிபிலை, அம்பாறை என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். மலையில் பிறந்த பிள்ளை கடலோரத்தில் படிக்கிறது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் அவருக்குக் கூட்டாளிகள்.

இவரும் கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தார்கள். பாட்டின் பொருள் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். நம்மைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு குடும்பங்கள் பிரிந்தன. கோச்சியில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அந்தக் கோச்சிக்கு நமது பெரியவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பிள்ளையின் பாட்டியின் அக்காவும் அப்படிப் போனவர்தான். ஸ்டேசனில் கையை விட்டது, அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. பாட்டி அந்த அக்காவை நினைத்துப் பாடும் ஒப்பாரியை வைத்துத்தான் பேரன் பாட்டைச் செய்தார். பாட்டியின் குரலையும் போனில் பதிந்து நடுவில் சேர்த்திருந்தார்.

விடுமுறைக்கு வந்தபோது சனசமூக நிலையத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பாட்டியை முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். படம் ஓடியது. ஒலுவில் துறைமுகத்துக் கல்லணைமேல் பிள்ளைகள் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், கையை விரிக்கிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் காட்சி மாறுகிறது. சிவப்பு, நீலம் என்று வெளிச்சம் பளிச்சிடுகிறது. படம் குலுங்குகிறது. பாட்டியின் முகம் ஒரு விநாடி வருகிறது, அதுவும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

இளந்தாரிகள் கை தட்டினார்கள். பாட்டி பாதியிலேயே எழுந்து விட்டார். வாசலில் நாம் போய்ப் பிடித்தோம். "நான் அழுவுறத ஆட்டமா ஆக்கிப்புட்டானுங்க ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்.

பேரனுக்கு முகம் வாடிப் போனது. கெட்ட எண்ணத்தில் அவர் செய்யவில்லை. பாட்டும் நல்ல பாட்டு, பிடித்த படமும் நல்ல படம். பிழை எங்கே? வெட்டிய விதத்தில்தான். இதைப் பற்றி அந்தப் பிள்ளைகளோடு நாம் இரண்டு நாள் இருந்து கதைத்தோம். அவர்களிடமிருந்து தொழில்நுட்பத்தை நாம் படித்தோம். நம்மிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் அவர்கள் வேறொன்றைப் படித்தார்கள். அதைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

எடிட்டிங் என்றால் என்ன?

எடிட்டிங்கைத் தமிழில் படத்தொகுப்பு என்பார்கள். பிடித்த காட்சிகளில் வேண்டியதை எடுத்து, வேண்டாததை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பாட்டோடு பொருத்துவதுதான் அந்த வேலை.

நமக்கு இது புதிதல்ல. கொழுந்து எடுக்கும்போது இரண்டு இலையும் ஒரு குருத்தும் பார்த்துத்தான் கிள்ளுகிறோம். முற்றலை விட்டு விடுகிறோம். ஸ்டோரில் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. இந்தப் பிள்ளைகள் பிடித்திருந்தது இரண்டரை மணித்தியாலப் படம், அதாவது 150 நிமிடம். பாட்டு 4 நிமிடம். ஆகவே ஏறக்குறைய 37 பங்கு படத்தில் ஒரு பங்குதான் மிஞ்ச வேண்டும். எதை மிச்சம் வைப்பது என்பதுதான் கேள்வி.

ஒரே கொழுந்துதான் வாடி, அரைபட்டு, சல்லடையில் விழுந்து பி.ஓ.பி. ஆகிறது, டஸ்ட்டும் ஆகிறது. சாயம் கடுமையாக வேண்டுமென்றால் டஸ்ட். மெதுவாக ஊறி மணம் வர வேண்டுமென்றால் பெரிய இலை. இரண்டும் நல்ல தேயிலைதான். ஆனால் ஒன்றின் பெட்டிக்குள் மற்றதைப் போட்டால் வாங்கியவன் ஏசுவான். பாட்டுப் படமும் அப்படியே.

வெட்டுக்கு இன்னொரு சக்தியும் உண்டு. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற சினிமா ஆசிரியர் ஒரு பரீட்சை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி எதுவும் இல்லாத முகத்தை எடுத்தார். அதற்கு அடுத்ததாகச் சூப்புக் கோப்பையை ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அவர் பசியோடு இருப்பதாகத் தோன்றியது. அதே முகத்துக்கு அடுத்ததாகப் பிள்ளையின் சவப்பெட்டியை ஒட்டினார். துக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. முகம் மாறவில்லை, பக்கத்தில் வந்த காட்சிதான் மாறியது. ஆகவே பாட்டியின் முகத்துக்கு அடுத்ததாக எதை வைக்கிறோம் என்பதை யோசிக்கத்தான் வேண்டும். ஆட்டத்தை வைத்தால், பாட்டியின் அழுகையும் ஆட்டத்துக்காகவே அழுததுபோல் ஆகிவிடும்.

வகைக்கு ஏற்ற வெட்டு

பாட்டுகளில் பல வகை உண்டு. வகையை அறியாமல் வெட்டுகிறவன், தேயிலைச்செடியின் வயதைப் பார்க்காமல் கவ்வாத்து வெட்டுகிறவனுக்குச் சமம்.

முதலாவது, துள்ளல் பாட்டு. குத்து, கானா, கல்யாணவீட்டுப் பாட்டு எல்லாம் இதில் அடங்கும். இதில் தாளம்தான் ராஜா. ஒரு நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டென்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. நான்கு தட்டுக்கு ஒரு வெட்டு என்றால் 2 விநாடிக்கு ஒரு காட்சி வரும். 4 நிமிடப் பாட்டுக்கு 120 காட்சிகள். வேகமாக மாறினாலும் கண் களைக்காது, ஏனென்றால் காதும் அதே வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டக் கூடாது. இடையில் நீளமான காட்சியொன்று வந்தால்தான் அடுத்த வேகம் தெரியும்.

இரண்டாவது, மெலோடி. காதல் பாட்டு பெரும்பாலும் இந்த வகை. இங்கே ராகம் நீளுகிறது. ராகம் முடிகிற இடத்தில் வெட்டு விழ வேண்டும். ஒரு காட்சி கரைந்து இன்னொரு காட்சிக்குள் போவது இதற்குப் பொருந்தும். மெதுவாக நகரும் காட்சி வேண்டுமென்றால் விநாடிக்கு 50 சட்டமாகப் பிடித்து 25 சட்டமாக ஓட விட வேண்டும். வேகம் பாதியாகும். பாடுகிறவரின் வாயசைவு கெடாமல் இருக்க வேண்டுமா? படம் பிடிக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு, அந்த வேகத்திலேயே வாயசைக்கச் சொல்ல வேண்டும். பிறகு பாதி வேகத்தில் ஓட விட்டால் வாயசைவு பாட்டுக்குச் சரியாக வந்து நிற்கும்.

மூன்றாவது, சொல்லிசை. ராப் என்று பிள்ளைகள் சொல்வது. இங்கே சொல்தான் முக்கியம். பாடுகிறவரின் முகமும் வாயும் கையும் தெரிய வேண்டும். ஒரு அடி முடிந்த பிறகு வெட்ட வேண்டும். சொல்லின் நடுவில் வெட்டினால் சொன்னது காதில் ஏறாது.

நான்காவது, பொல்லடி, தப்பு, கூத்துப் பாட்டு. அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பொல்லடி ஆடுவார்கள். வட்டமாக நின்று, கையில் பொல்லை வைத்துக்கொண்டு, ஒருவர் பொல்லில் மற்றவர் தட்டி, குனிந்து நிமிர்ந்து சுற்றுவார்கள். நம் பக்கத்தில் காமன் கூத்தும் தப்பும் இருக்கின்றன. இவற்றைப் பிடிக்கும்போது முழு வட்டமும், காலிலிருந்து தலைவரை முழு ஆளும் தெரிய வேண்டும். முகத்தை மட்டும் கிட்ட வைத்து வெட்டி வெட்டிக் காட்டினால் ஆட்டமே தெரியாமல் போய்விடும். பொல்லும் பொல்லும் முட்டுகிற சத்தத்திலேயே வெட்டினால் அது வலிந்து செய்ததாகத் தெரியாது.

ஐந்தாவது, பக்திப் பாட்டு. கோயில் பாட்டானாலும், இஸ்லாமிய கீதமானாலும், வேதப் பாட்டானாலும் மரியாதை முதலில் வர வேண்டும். குலுக்கலும் பளிச்சிடலும் இதற்கு ஆகாது. எந்த இடத்தைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அந்தந்தச் சமயப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஆறாவது, தாலாட்டும் ஒப்பாரியும். இவற்றில் கணக்குப் பார்த்த தட்டு இல்லை. மூச்சுத்தான் தாளம். பாடுகிறவர் மூச்சை எடுக்கிற இடம் வரைக்கும் காட்சி நிற்க வேண்டும். அழுகை நீண்டால் காட்சியும் நீள வேண்டும். பார்க்கிறவன் கண்ணைத் திருப்ப நினைக்கிற நேரத்திலும் காட்சி மாறாமல் நிற்பதுதான் இந்த வகையின் பலம். இழவு வீட்டில் யாராவது ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து எழுந்து இடம் மாறி உட்காருவார்களா?

நமது பிள்ளைகள் செய்த பிழை இப்போது விளங்கும். ஆறாவது வகைப் பாட்டை முதலாவது வகையாக வெட்டி விட்டார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டோம். போனில் இருக்கும் எடிட்டிங் செயலியில் முன்கூட்டியே செய்து வைத்த அச்சுகள் இருக்கின்றன. பாட்டையும் காட்சிகளையும் போட்டால் அதுவே வெட்டி, வெளிச்சமும் குலுக்கலும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. நேரம் மிச்சம். ஆனால் அந்த அச்சுக்குப் பாட்டி அழுவது தெரியாது.

ஊரறிந்த மூன்று பாட்டுகள்

2011 நவம்பரில் தனுஷ், அனிருத் 'கொலவெறி' பாட்டு வந்தது. அதன் படத்தில் பெரிய செட் எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதையும் சிரிப்பதையும்தான் காட்டினார்கள். விளையாட்டுத்தனமான பாட்டு, விளையாட்டாகச் செய்த படம். இரண்டும் பொருந்தின.

2021 மே மாதத்தில் நமது நாட்டிலிருந்து யொஹானியும் சதீஷன் ரத்நாயக்கவும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' உலகமெல்லாம் போனது. அதிலும் பாடுகிறவர்களின் முகமும் மைக்கும்தான் பிரதானம். நல்ல குரல் இருந்தால் கமெரா அதிகம் ஓட வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவது நம்மோடு சம்பந்தப்பட்டது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது, இசை சந்தோஷ் நாராயணன், படத்தை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். அறிவின் முன்னோர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர்கள். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்தே பாட்டு பிறந்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். ஒப்பாரியின் சாயலும் துள்ளலும் ஒரே பாட்டில் இருக்கின்றன. வள்ளியம்மாளே படத்தில் தோன்றுகிறார், மரியாதையான இடத்தில் தோன்றுகிறார். இரண்டு வகையை ஒரே பாட்டில் சேர்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சேர்த்தால் எங்கே ஆட்டம் முடிகிறது, எங்கே அழுகை தொடங்குகிறது என்பது செய்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துறைமுகத்தை எப்படிக் காட்டுவது?

அடுத்த சிக்கல் ஒலுவில் துறைமுகம். பிள்ளைகள் அதைத் தலைமன்னார் பாலமாக நினைத்துக்கொண்டு படம் பிடித்திருந்தார்கள். கப்பல் போன இடம் கடலோரம்தானே, எந்தக் கடலாக இருந்தால் என்ன என்பது அவர்களின் நினைப்பு.

ஆனால் ஒலுவிலுக்கு ஒலுவிலின் கதை இருக்கின்றது. டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கிழக்குக் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக அள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல்லணை அந்த மணலை மறித்தது. மறித்த மணல் துறைமுக வாயிலை அடைத்தது. மணல் போய்ச் சேராத வடக்குப் பக்கத்தில் கடல் கரையை அரித்தது. தென்னை மரங்களும் காணிகளும் கடலுக்குள் போயின. தோணி வைத்துத் தொழில் செய்பவர்களும் கரைவலை இழுப்பவர்களும் பெரிதாகப் பாதிக்கப்பட்டார்கள்.

பிள்ளைகளின் கூட்டாளி ஒருவருடைய வாப்பா அந்தக் கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர். முதல் படத்தை அவரும் பார்த்திருக்கிறார். அந்தக் கூட்டாளி நம்மிடம் சொன்னது இது: "வாப்பா ஒண்டும் ஏசல்ல சேர். பாத்துப்போட்டு, 'அந்தக் கல்லு போட்டுத்தான் மனே எங்கட கரை போன. அதுக்கு மேல நிண்டா ஆடுறீங்க?' எண்டு மட்டும் கேட்டாரு. மறுகா எங்களுக்கு அதைப் பாக்கவே ஏலாமப் போயிட்டு."

பாருங்கள், மலையில் ஒரு பாட்டி, கடற்கரையில் ஒரு வாப்பா. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவருக்கும் நெஞ்சில் பட்டது ஒரே காயம்.

இதை நாம் பாட்டியிடமும் சொன்னோம். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் கடலையே பாத்ததில்ல ஐயா. எங்கக்கா போனது கோச்சியிலதான். அந்தக் கோச்சிக்கு அங்கிட்டு என்னா இருந்திச்சின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றார்.

படத்துக்கு வழி அந்த வார்த்தையிலேயே இருந்தது. ஒலுவிலைத் தலைமன்னார் என்று காட்டத் தேவையில்லை. ஒலுவிலை ஒலுவிலாகவே காட்டலாம். கடலையே பாராத பாட்டி மலையில் இருக்கிறார். அவருடைய பேரன் கடலுக்குப் பக்கத்தில் படிக்கிறான். அக்கா போன கடல் இதுவல்ல, ஆனாலும் கடல். பேரன் போய் நின்று பார்க்கிறான். அவ்வளவுதான். பொய் இல்லாமலே பாட்டுக்குப் பொருந்தியது.

மறுபடி வெட்டிய முறை

பிள்ளைகள் இரண்டாம் முறை செய்ததை ஒழுங்காக எழுதுகின்றோம். படிக்கின்ற மற்றப் பிள்ளைகளுக்கு உதவும்.

1. முதலில் படத்தைத் தொடவேயில்லை. பாட்டை மட்டும் பத்துத் தடவை கேட்டார்கள். பாட்டி மூச்செடுக்கும் இடங்களைக் கொப்பியில் குறித்தார்கள். வெட்டு விழ வேண்டிய இடங்கள் அவைதான் என்று முடிவு செய்தார்கள்.

2. குரலையும் வாயசைவையும் பொருத்தினார்கள். படம் பிடிக்கத் தொடங்கும்போது ஒரு தடவை கையைத் தட்டி வைத்தால், கை சேருகிற சட்டத்தையும் சத்தம் எழுகிற இடத்தையும் ஒன்றாக வைத்துப் பொருத்தலாம். சில போன்கள் விநாடிக்கு ஒரே எண்ணிக்கையில் சட்டங்களைப் பிடிப்பதில்லை. அதனால் போகப் போக வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமாக விலகும். ஆகவே நடுவிலும் கடைசியிலும் மறுபடி பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

3. காட்சிகளைக் குறைத்தார்கள். முதல் படத்தில் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு காட்சி மாறியது. அதாவது 200க்கு மேல். இரண்டாவதில் 34 காட்சிகள். சராசரியாக ஒரு காட்சி 7 விநாடி நிற்கிறது. பாட்டியின் முகம் மட்டும் 40 விநாடி அசையாமல் நிற்கிறது.

4. நிறத்தைச் சமப்படுத்தினார்கள். மலையில் பிடித்தது மூட்டமும் பனியும் உள்ள சாம்பல் வெளிச்சம். ஒலுவிலில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது, விடிகாலை மஞ்சளாக இருக்கும், பத்து மணிக்குக் கண் கூசும். பகலில் பிடித்த கடல் காட்சிகளை ஒதுக்கிவிட்டு விடிகாலையில் பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தைக் கொஞ்சம் தணித்தார்கள். மலையும் கடலும் ஒரே பொழுதாகத் தெரிந்தன.

5. பளிச்சிடல், குலுக்கல், சுழற்றல் எல்லாவற்றையும் எடுத்து விட்டார்கள். கல்லணையில் ஆடியவை முழுவதையும் நீக்கினார்கள். அங்கே ஒரேயொரு காட்சிதான் மிச்சம். பேரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், தூரத்தில் ஒரு தோணி போகிறது.

6. இடத்தின் பெயரைத் திரையில் எழுத்தாகப் போட்டார்கள். ஒலுவில் துறைமுகம், அம்பாறை மாவட்டம் என்று. பார்க்கிறவன் ஏமாறக் கூடாது அல்லவா?

7. பாட்டியின் ஒப்பாரி வரும் இடத்தில் இசையை முழுக்க நிறுத்தினார்கள். மழைச் சத்தமும் தகரக் கூரையின் சத்தமும்தான் பின்னால் கேட்கின்றன.

இதற்குப் புதிதாகச் செலவு எதுவும் ஆகவில்லை. அதே போன், அதே செயலி, அதே காட்சிகள். மூன்று இரவு விழித்திருந்தார்கள், அவ்வளவுதான். மணல் அடைத்த வாயிலைத் தோண்டி விட்டால் தோணி வரும் என்பதுபோல, வேண்டாததை எடுத்ததும் பாட்டு உள்ளே வந்தது.

பெற்றோரும் பிள்ளைகளும் மனதில் வைக்க வேண்டியவை

படிக்கப் போன பிள்ளை பாட்டுப் படம் எடுக்கிறதே என்று பெற்றோர் உடனே ஏசக் கூடாது. படிப்பைக் கெடுக்காமல், கடன் வாங்காமல் செய்தால் இதுவும் ஒரு கைத்தொழில்தான். கல்யாண வீட்டுப் படம், விளம்பரம், தொலைக்காட்சி என்று பிழைப்புக்கும் வழி உண்டு. ஆனால் சில ஒழுங்குகள் அவசியம்.

ஒருவரைப் படம் பிடிக்கும் முன் கேட்க வேண்டும். வெளியில் போடும் முன் வெட்டி முடித்த படத்தை அவரிடம் காட்டி மறுபடி கேட்க வேண்டும். முதல் தடவை சரி என்றவர் இரண்டாம் தடவை வேண்டாம் என்றால், அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். லயத்துக் காம்பராவுக்குள் பிடிக்கும்போது, குளிக்கிற இடம், படுக்கிற இடம், சின்னப் பிள்ளைகள் ஆகியவற்றில் விசேஷ கவனம் வேண்டும். நமது வறுமையைக் காட்டித்தான் ஒரு பாட்டு நிற்க வேண்டும் என்றால் அந்தப் பாட்டில் ஏதோ குறை இருக்கின்றது.

துறைமுகம், புகையிரத நிலையம், ஸ்டோர் போன்ற இடங்களில் அங்குள்ள பொறுப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும். ட்ரோன் பறக்க விடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பிறருடைய இசையை எடுத்துப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும்.

கடைசியாக, பெயர். யார் பாடியது, யார் எழுதியது, யாருடைய கதை என்று படத்தின் முடிவில் ஒழுங்காகப் போட வேண்டும். 2021 ஆகஸ்டில் ஓர் இந்திய இசைச் சஞ்சிகை 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைச் சிறப்பித்தபோது அட்டையில் அறிவின் படம் இல்லை. அதற்கு எவ்வளவு பேர் குரல் கொடுத்தார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு வளரும்போது, அதைத் தந்தவர்களின் பெயர் கீழே விழுந்துவிடக் கூடாது. தோட்டத்துப் பாட்டுகளுக்கு இது பல காலமாக நடந்து வருகின்றது. நமது பாட்டிமாரும் தாய்மாரும் மலையிலும் தொட்டிலிலும் பாடியவை எத்தனை! சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தேடித் தொகுத்ததால் கொஞ்சம் மிஞ்சியது. அவற்றிலும் இன்னார் பாடியது என்று பெயர் தெரிந்தவை எத்தனை?

முடிவில்

இரண்டாவது படத்தைச் சனசமூக நிலையத்தில் போடவில்லை. பாட்டி வர மாட்டேன் என்று விட்டார். ஆகவே லயத்துக்கே கொண்டுபோய், இஸ்தோப்பில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் காட்டினார்கள். கல்முனைக் கூட்டாளிமாரும் வந்திருந்தார்கள். நாமும் ஓரமாக நின்றோம்.

தன் முகம் வந்த இடத்தில் பாட்டி ஒன்றும் பேசவில்லை. கடல் வந்த இடத்தில் போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முடிவில் பெயர்கள் வந்தன. பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. பேரன் வாசித்துக் காட்டினார். முதலில் பாட்டியின் பெயர், அதற்கு அடுத்ததாகப் பாட்டியின் அக்கா பெயர்.

பாட்டி முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னொருக்கா போடு தம்பி" என்றார்.

பிள்ளைகளே, நீங்களும் படம் எடுங்கள். போனைத் தூக்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் பாட்டு எதற்காகப் பாடினது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு வெட்டுங்கள். அடுத்த மடலில் மழைக்காலத்தில் வரும் நோய்களைப் பற்றிக் கதைப்போம்.